கொல்லிப்பாவையும் பத்தைப் பிரித்த வைத்தியரும்

இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு காரியம் சாதிப்பது கொல்லிமலைக்குப் புதிதல்ல. நாயகியின் அழகை எதனோடு ஒப்பிடுவது என்று முட்டிக்கொண்டபோதெல்லாம் சங்கப் புலவர்கள் கொல்லிப்பாவையைக் கூப்பிட்டார்கள். தெய்வம் செய்து வைத்த பாவையாம். காற்றுக்கும் மழைக்கும் இடிக்கும் அசையாதாம். சிரித்தே ஆளை முடித்துவிடும் என்று பின்னால் வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்தார்கள். பரணரே பாடியிருக்கிறார். அதன் உயரம் எத்தனை முழம், எந்தப் பாறையில் நிற்கிறது, தேவனூர் நாட்டு எல்லையிலா வாழவந்தி நாட்டு எல்லையிலா என்று ஒரு புலவரும் குறித்து வைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பாட்டுக்கு அது உதவியது, போதும்.

கணித மேதைகளுக்கு இந்தப் பக்குவம் வர ஆயிரம் வருஷத்துக்கு மேல் பிடித்தது. விவகாரம் ரொம்பச் சின்னது. மூன்றை மூன்றால் பெருக்கினால் 9. மைனஸ் மூன்றை மைனஸ் மூன்றால் பெருக்கினாலும் 9. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினாலும் விடை மைனஸில் விழாது. அப்படியானால் மைனஸ் ஒன்றுக்கு வர்க்கமூலம் எது? தேவனூர் நாட்டில் மிளகு வாங்க வந்த வியாபாரியிடம் இதைக் கேட்டால், “அப்படி ஒண்ணு இல்லீங்க” என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தைக்கப் போய்விடுவார்.

கிட்டத்தட்ட கி.பி. 850இல் மகாவீராச்சாரியாரும் அதைத்தான் சொன்னார். விஜயாலய சோழன் தஞ்சாவூரைப் பிடித்த காலத்தை ஒட்டி, வடக்கே ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் ஆட்சியில் வாழ்ந்த ஜைனர் அவர். ‘கணிதசாரசங்கிரகம்’ என்ற நூலில் மன்னனுக்குச் சேரவேண்டிய புகழ்ச்சியைச் செலுத்திவிட்டுக் கணக்கில் இறங்குகிறார். எதிர்மறை எண் தன் இயல்பிலேயே எதற்கும் வர்க்கமாக இருக்க முடியாது, ஆகவே அதற்கு மூலம் கிடையாது என்று தீர்ப்பு. 1150இல் ‘பீஜகணிதம்’ எழுதிய இரண்டாம் பாஸ்கரர் அந்தத் தீர்ப்பை அப்படியே உறுதி செய்தார்.

இந்தச் சிக்கலுக்கு விதை போட்டவரும் நம்மவர்தான். 628இல் பிரம்மகுப்தர் மைனஸ் எண்ணைக் கடன் என்றும் பிளஸ் எண்ணைச் சொத்து என்றும் வைத்து விதி எழுதினார். கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து. எந்த பேங்க் மேனேஜரும் இன்றுவரை ஒப்புக்கொள்ளாத விதி. ஆனால் கணக்கில் அசைக்க முடியாதது. அதை ஏற்றுக்கொண்ட பிறகு மகாவீரர் சொன்னதைத் தவிர யோக்கியன் வேறு எதைச் சொல்ல முடியும்?

அங்கேதான் தொல்லை. யோக்கியர்கள் சரியான பதிலைச் சொன்னார்கள், கதவு சாத்தப்பட்டது. அதைத் திறக்க வேறு ரக ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

வேறு ரகத்துக்கு ஒரு முன்னோடி அலெக்சாந்திரியாவில் இருந்தார். ஹெரான் பெயரில் வழங்கும் ஒரு நூலில், தலை வெட்டிய பிரமிடின் உயரம் கேட்கப்படுகிறது. அடிப்பக்கம் 28, மேல்பக்கம் 4, சாய்ந்த விளிம்பு 15. அப்படி ஒரு பிரமிடைக் கட்டவே முடியாது. கணக்கைப் போட்டால் 81இலிருந்து 144ஐக் கழித்து அதற்கு மூலம் காணவேண்டி வருகிறது. ஏட்டில் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? 144இலிருந்து 81ஐக் கழித்து, √63 என்று எழுதி, அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்கள். ஆசிரியர் வேலையோ, பிரதி எடுத்தவர் வேலையோ, ஆடிட்டுக்கு முந்தைய நாள் ராத்திரி இதையே செய்கிற குமாஸ்தாக்கள் உலகமெங்கும் உண்டு.

இனி இத்தாலி. 16ஆம் நூற்றாண்டு. அங்கே கணக்கு வாத்தியார் வேலை என்பது மல்யுத்தம் மாதிரி. ஒருவரை இன்னொருவர் பொதுவில் சவாலுக்கு இழுப்பார், தோற்றவரின் பேர் கெடும், பேர் கெட்டால் வேலையும் ஆட்டம் காணும். அதனால் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தவர் அதை அச்சடிக்காமல் இடுப்பில் செருகி வைத்துக்கொள்வார். பொலோஞ்ஞா நகரத்தின் தெல் ஃபெர்ரோ அப்படித்தான் முப்படிச் சமன்பாட்டில் ஒரு வகைக்குத் தீர்வு கண்டு மூச்சு விடாமல் இருந்தார். 1526இல் மூச்சு நிற்குமுன் சீடன் ஃபியோரிடம் சொல்லிவிட்டுப் போனார். ஃபியோருக்கு அந்த ஒரு சூத்திரத்தைத் தவிர வேறு சரக்கு கிடையாது. அதை வைத்தே ஊரை அடித்து உலையில் போடலாம் என்று 1535இல் தர்தாலியாவைச் சவாலுக்கு அழைத்தான். ஆளுக்கு 30 கணக்கு. தோற்றவர் 30 விருந்து வைக்க வேண்டும்.

தர்தாலியா அடிபட்டு வளர்ந்தவர். 1512இல் பிரெஞ்சுப் படை பிரெஷா நகரைச் சூறையாடியபோது, சிறுவனாக இருந்த அவர் முகத்தில் ஒரு சிப்பாய் வாளை இறக்கினான். தாடை வெட்டுப்பட்டதில் திக்குவாய் வந்தது. ‘திக்குவாயன்’ என்று ஊர் வைத்த பட்டப்பெயரே தர்தாலியா. மனிதர் அதையே தன் பெயராகப் போட்டுக்கொண்டு புத்தகமும் எழுதினார். ஃபியோர் கொடுத்த முப்பதும் ஒரே வகைக் கணக்கு. கெடு முடிவதற்கு முன் பிப்ரவரி மாதத்து ராத்திரி ஒன்றில் தர்தாலியாவுக்கு வழி பிடிபட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் முப்பதையும் முடித்தார். விருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அவரிடம் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான்.

சங்கதி மிலானுக்குப் போனது. அங்கே ஜெரோலமோ கர்தானோ: வைத்தியர், ஜோசியர், சூதாடி. பகடையில் எந்த எண் எத்தனை தடவை விழும் என்று கணக்குப் போட்டுத் தனிப் புத்தகமே எழுதிய அளவுக்குச் சூதாடி. 1539இல் தர்தாலியாவை வீட்டுக்கு வரவழைத்தார். இவர்கள் இரண்டு பேரும் நாமக்கல் பக்கத்து ஆட்களாக இருந்திருந்தால் பேச்சு இப்படித்தான் போயிருக்கும்:

“ஏனுங்க, அந்த சூத்திரத்தைக் கொஞ்சம் சொல்லிப்போடுங்க. புஸ்தகத்துல உங்க பேரைப் போட்டே அச்சடிக்கிறனுங்க.”

“அதெல்லாம் ஆகாதுங்க டாக்டரய்யா. நானே ஒரு புஸ்தகம் போடலாம்னு இருக்கறன்.”

“சரி, அச்சடிக்கல, உடுங்க. கவர்னர் நமக்கு வேண்டப்பட்டவரு. உங்க பீரங்கிக் கணக்கையெல்லாம் அவருகிட்டக் காட்டலாமல்லோ?”

“கவர்னர் இருக்கறாருங்களா?”

“இன்னிக்கு வெளியூருங்க. வந்ததுதான் வந்தீங்க, சூத்திரத்தைச் சொல்லிட்டுப் போங்க.”

கவர்னர் ஊரில் இல்லை என்பது வரை நிஜம். பைபிள் மேல் சத்தியம் செய்துகொடுத்தார் கர்தானோ, அச்சிட மாட்டேன், நான் செத்த பிறகும் யாருக்கும் புரியாதபடி சங்கேதத்தில்தான் எழுதி வைப்பேன் என்று. இதையெல்லாம் தர்தாலியாவே பின்னால் வயிறெரிந்து எழுதி வைத்திருக்கிறார். சூத்திரத்தை அவர் செய்யுளாகச் சொன்னார். நம் ‘கணக்கதிகார’ மரபுக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, கணக்கைப் பாட்டில் கட்டுவது நமக்கும் பழக்கம்தான். பாட்டில் கட்டினால் மறக்காது. கர்தானோவும் மறக்கவில்லை.

நான்கு வருஷம் கழித்து அவரும், அவர் வீட்டில் எடுபிடியாகச் சேர்ந்து மேதையாகிவிட்ட ஃபெராரியும் பொலோஞ்ஞா போனார்கள். தெல் ஃபெர்ரோவின் மருமகன் வீட்டில் பழைய நோட்டு இருந்தது, அதில் அதே சூத்திரம். வக்கீல் புத்தி வேலை செய்தது: இது தர்தாலியாவின் சொத்தே அல்லவே, செத்துப்போனவருடையது, அவருக்கு நான் சத்தியம் எதுவும் செய்யவில்லையே! 1545இல் ‘ஆர்ஸ் மாக்னா’ வெளிவந்தது. தெல் ஃபெர்ரோவுக்கும் தர்தாலியாவுக்கும் நன்றி சொல்லியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நன்றி தர்தாலியாவின் வயிற்றெரிச்சலைத் தணிக்கவில்லை. 1548இல் மிலானில் ஃபெராரியோடு பொதுமேடையில் மோதப் போய், முதல் நாளே நிலைமை புரிந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஊர் திரும்பினார்.

அந்தப் புத்தகத்தின் 37ஆவது அத்தியாயத்தில்தான் நம் பாவை முதன்முதலாக முகம் காட்டுகிறது. பத்தை இரண்டாகப் பிரி, இரண்டையும் பெருக்கினால் நாற்பது வரவேண்டும். எப்படிப் பிரித்தாலும் பெருக்குத்தொகை 25க்கு மேல் போகாது. கர்தானோ விடவில்லை. ஒரு பங்கு 5 + √−15, இன்னொரு பங்கு 5 − √−15. கூட்டினால் 10. பெருக்கினால் 25இலிருந்து மைனஸ் 15ஐக் கழிக்க வேண்டும், ஆக 40. விடை கச்சிதம். ஆனால் பங்கு இரண்டும் பூமியில் இல்லை. மன வேதனையைத் தள்ளி வைத்துவிட்டுப் பெருக்கும்படி வாசகரைக் கேட்டுக்கொண்டார். முடிவில், எத்தனை நுட்பமோ அத்தனை உபயோகமற்றது என்று அதைத் தானே ஒதுக்கியும் வைத்தார். அவர் வாழ்க்கையில் வேதனைக்குப் பஞ்சமில்லை. மூத்த மகன் மனைவிக்கு விஷம் வைத்த குற்றத்துக்கு 1560இல் தலை வெட்டப்பட்டான், கர்தானோவே 1570இல் மதவிசாரணைக்காரர்களின் சிறைக்குப் போனார். அதற்கெல்லாம் நடுவில் √−15 பெரிய வேதனையாக இருந்திருக்காது.

சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்குவது பொம்பெல்லி என்ற எஞ்சினியரின் வேலை. சேறு அவருக்குப் பழக்கம். கர்தானோ கால் வைக்கப் பயந்த இடத்தில் அவர் இறங்கினார். ஓர் எண்ணின் முப்படி, அதன் 15 மடங்கோடு 4ஐச் சேர்த்ததற்குச் சமம். எண் எது? விரல் விட்டே சொல்லிவிடலாம்: 4. நாலு நாலு நாலு 64. பதினைந்து நாலு 60, அதோடு 4, 64. ஆனால் இத்தனை சத்தியம், துரோகம், வாய்த்தகராறு எல்லாம் கடந்து வந்த சூத்திரத்தில் இதைப் போட்டால், 2 + √−121இன் முப்படிமூலத்தையும் 2 − √−121இன் முப்படிமூலத்தையும் கூட்டு என்கிறது. கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் நாலைப் பிடிக்க இல்லாத ஊர் வழியாகப் போகச் சொல்கிறது.

பொம்பெல்லி போனார். 2 + √−1 என்பதை எடுத்து மூன்று முறை பெருக்கிப் பார்த்தார். 2 + 11√−1 வந்தது. 11√−1 என்பது √−121தான். ஆக முதல் மூலம் 2 + √−1, இரண்டாவது மூலம் 2 − √−1. கூட்டினால் இல்லாத பாகங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒழிய, நாலு மட்டும் நிற்கிறது. 1572இல் புத்தகம் வந்தது, அதே வருஷம் மனிதர் போய்ச் சேர்ந்தார். இந்தக் கதையில் வருகிற இத்தாலியர்களில் யாரையும் ஏமாற்றாதவர் அவர்தான் என்று தோன்றுகிறது. அதனால்தானோ என்னவோ அவரைப் பற்றிச் சுவையான வம்பு அதிகம் கிடைக்கவில்லை.

அதற்கப்புறமும் இரண்டு நூற்றாண்டுக்குப் பெரியவர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டே திட்டினார்கள். 1637இல் தெக்கார்த் ‘கற்பனை’ என்று முத்திரை குத்தினார். மட்டம் தட்டச் சொன்ன பெயர் அப்படியே நிலைத்தது. லைப்னிட்ஸ், இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவே நீந்துகிற இருவாழ்வி என்று தத்துவம் பேசினார். 1777இல் √−1க்கு ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தைச் சூட்டிய ஆய்லர், தன் அல்ஜிப்ரா பாடநூலில் √−2ஐ √−3ஆல் பெருக்கினால் √6 என்று எழுதியிருக்கிறார். இன்றைய பிளஸ் டூ விடைத்தாளில் அப்படி எழுதினால் மார்க் போய்விடும், மைனஸ் √6 என்று எழுத வேண்டும். கண் பார்வை ஏறக்குறைய போன நிலையில் வாயால் சொல்லி எழுத வைத்த புத்தகம் என்பதால் திருத்துகிறவர் இரக்கப்படலாம்.

இந்த எண் எங்கே இருக்கிறது என்று கடைசியில் இடம் காட்டியவர் நிலம் அளக்கிற சர்வேயர். பெயர் காஸ்பர் வெஸல், நார்வேக்காரர். 1797இல் டேனிஷ் அறிவியல் கழகத்தில் கட்டுரை படித்தார். டேனிஷ் மொழியில் எழுதியதால் நூறு வருஷத்துக்கு யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. 1806இல் ஆர்கான் என்பவர் அதையே தனியாகக் கண்டுபிடித்துத் தன் பெயரைப் போட மறந்து அச்சடித்தார். இத்தாலியில் பெயருக்காகக் குத்துவெட்டு, இங்கே பெயரே இல்லை.

அவர்கள் சொன்னதைப் புரிந்துகொள்ள எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போக வேண்டாம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைமேல் சோளக்காட்டுக்கு ஏறுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும் தேவனூர் நாட்டுப் பெரியவர் ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ் கிழக்கே பார்த்துப் போகிறது. வளைவு முடிந்ததும் மேற்கே பார்க்கிறது. திசை அப்படியே தலைகீழ், அதாவது மைனஸ் ஒன்றால் பெருக்கல். அப்படியானால் பாதி வளைவில், டிரைவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, பெரியவர் குடலைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் பஸ் எந்தப் பக்கம் பார்க்கிறது? வடக்கே. கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை, வேறு திசை. இரண்டு தடவை செய்தால் மைனஸ் ஒன்று வருகிற அந்தப் பாதித் திருப்பம்தான் √−1. இத்தனை காலம் கிழக்கு மேற்காக ஒற்றைக் கோட்டிலேயே தேடினால் எப்படிக் கிடைக்கும்?

வலப்பக்க வளைவுக்கும் இதே கதிதான். தெற்கு வழியாகத் திரும்பினாலும் பஸ் மேற்கே பார்த்துத்தான் முடியும். மைனஸ் ஒன்றுக்கு √−1, −√−1 என்று இரண்டு மூலம் இருப்பது அதனால்தான். இரண்டில் எது அசல் என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. எழுபது இரட்டைப்படை ஆதலால் எல்லா வளைவும் ஒழுங்காக அரைவட்டமாக இருந்தால் கிளம்பிய திசையைப் பார்த்தே மலை உச்சியில் நிற்பீர்கள். நெடுஞ்சாலைத் துறை அவ்வளவு துல்லியமாகப் போட்டிருக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். 1831இல் காஸ் இந்தப் படத்துக்குத் தன் கையெழுத்தைப் போட்டுக் கலப்பு எண் என்று கௌரவமான பெயரும் கொடுத்தார். அவர் சொன்னபிறகு எல்லாருக்கும் அது முன்பே தெரிந்ததாகிவிட்டது.

மலையிலிருந்து இறங்கினால் நாமக்கல். அங்கே நாமகிரித் தாயார். ராமானுஜன் குடும்பத்தின் குலதெய்வம். கனவில் வந்து சூத்திரம் சொல்கிறவள் அவள்தான் என்று அவரே சொல்லிவந்தார். பள்ளிப் பருவத்தில் சைன், கொசைன் பற்றிய ஒரு தேற்றத்தைச் சொந்தமாகக் கண்டுபிடித்துத் துள்ளினார். அதை ஆய்லர் எப்போதோ முடித்துவிட்டார் என்று தெரிந்ததும் வெட்கம் தாங்காமல் தாள்களைக் கும்பகோணம் வீட்டுக் கூரையில் செருகி ஒளித்தார். ஒளித்ததற்கு நம்மூரில் கிடைத்த ஒரே நியாயமான காரணம் இதுவாகத்தான் இருக்கும். தெல் ஃபெர்ரோ பிறர் திருடிவிடுவார்கள் என்று ஒளித்தார், இந்தப் பையன் தான் திருடியதாக நினைத்துவிடுவார்களே என்று.

1912 மார்ச் 1ஆம் தேதி மதராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அதே 1912இல் அதே மதராஸில், பிரசிடென்சி கல்லூரி சமஸ்கிருதப் பேராசிரியர் ரங்காச்சாரியார் மகாவீரரின் ‘கணிதசாரசங்கிரகத்தை’ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கவர்மெண்ட் பிரஸ்ஸில் அச்சேற்றினார். மைனஸுக்கு மூலம் இல்லை என்ற ஆயிரம் வருஷத் தீர்ப்பு சர்க்கார் அச்சில் ஏறிய வருஷத்தில், துறைமுக ஆபீசில் ஒரு குமாஸ்தா பேக்கிங் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதப் பேரறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதத்தில் ஹார்டியை வாய் பிளக்க வைத்தவை பல. பகா எண்கள் பற்றிச் சொன்னது மட்டும் உதைத்தது. இத்தனை எண்ணுக்குள் எத்தனை பகா எண் என்று கண்டுபிடிக்க ராமானுஜனிடம் ஓர் அருமையான சூத்திரம் இருந்தது. ஆனால் அவர் கோரிய அளவுக்குத் துல்லியம் அதில் இல்லை. ரீமன் என்ற கணிதர் 1859லேயே காட்டிவிட்டார்: பகா எண்களின் குடுமி, ஸீட்டா சார்பின் கலப்பு எண் சுழிகளிடம் இருக்கிறது. முதல் சுழி ½ + 14.13√−1 பக்கத்தில் நிற்கிறது. அப்படி ஒரு சுழியுமே இல்லாத உலகத்தில் ராமானுஜன் சொன்னது சரியாக இருக்கும் என்ற பொருளில் ஹார்டி பின்னால் எழுதினார். தாயார் எல்லாவற்றையும் சொன்னாள், இதை மட்டும் ஏன் விட்டாள்? கொல்லிப்பாவை இருப்பது அதே மாவட்டத்தில்தானே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தாயாரைக் குறை சொல்லி முடிப்பதற்குள் ராமானுஜன் கப்பல் ஏறிவிட்டார். அதற்கும் தாயாரின் உத்தரவு வேண்டியிருந்தது. நாமக்கல் கோயிலில் மூன்று இரவு படுத்தெழுந்து கேட்டு வாங்கினதாக வரலாறு. கேம்பிரிட்ஜில் ஹார்டியும் அவருமாக ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்ற கணக்கில் இறங்கினார்கள். நாலை எடுத்தால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதம். 200க்கு? அவர்கள் பிடித்த வழி கலப்பு எண் தளத்தில் ஒரு வட்டத்தைச் சுற்றி வருவது. வட்டத்தின் மேல் எங்கெங்கே இந்தக் கணக்குக்கு உரிய சார்பு வெடிக்கிறதோ அங்கெல்லாம் கணக்கெடுத்து, எட்டு உறுப்புகளை மட்டும் கூட்டினார்கள். 3,972,999,029,388.004 வந்தது. மக்மஹோன் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி கையாலேயே கணக்குப் போட்டு வைத்திருந்த எண் 3,972,999,029,388. கர்தானோ உபயோகமற்றது என்ற சரக்கு, நாலு லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவான ஒரு தொகையில் தசம இரண்டு தானத்துக்குப் பிசகவில்லை. இது 1918. பத்தைப் பிரிக்கப் போன வைத்தியரில் ஆரம்பித்த சமாச்சாரம் இருநூறைப் பிரித்துக் காட்டியது.

இப்போது √−1 மின்சாரத்தில் குடியிருக்கிறது. மாறுதிசை மின்சாரத்தில் வோல்டேஜ் ஒரு பக்கம் ஆட, கரண்ட் கொஞ்சம் பின்தங்கி ஆடும். இந்த இழுபறியைச் சாதா எண்ணில் எழுதப் போனால் பக்கம் பக்கமாகச் சைனும் கொசைனும் நிற்கும். 1893இல் ஸ்டைன்மெட்ஸ் என்ற மின்பொறியாளர் அதைக் கலப்பு எண்ணில் கட்டி எஞ்சினியர்களின் உயிரைக் காப்பாற்றினார். ‘ஐ’ என்ற எழுத்து ஏற்கெனவே கரண்டுக்குப் போய்விட்டதால் அவர்கள் √−1க்கு ‘ஜே’ என்று எழுதுகிறார்கள். பெயர் வைத்த ஆய்லரே வந்து கேட்டாலும் தரமாட்டார்கள்.

சேலம் பக்கத்து நூற்பாலை முதலாளியைக் கேட்டுப் பாருங்கள். மோட்டார் ஓடும்போது இழுக்கிற மின்திறனில் மெய்ப் பாகம் நூலாக வெளியே வருகிறது. கற்பனைப் பாகம் காந்தப்புலத்தைக் கட்டுவதும் கலைப்பதுமாக ஒயரில் போய்வந்துகொண்டிருக்கிறது, ஒரு கண்டு நூல்கூட நூற்பதில்லை. அது ரொம்ப ஏறிப்போய்ப் பவர் ஃபேக்டர் குறைந்தால் மின்வாரியம் பில்லில் அபராதம் போட்டுவிடும். “இல்லாத கரண்டுக்கு எதுக்குங்க காசு?” என்று முதலாளி கேட்பார். பதில் சொல்ல கவுண்டரில் ஆள் இருக்காது. அபராதத்தைக் கட்டிவிட்டு, மறுநாளே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஒரு கெபாசிட்டர் பேனல் மாட்டச் சொல்வார்.